பனிமான் தீவும் நாமும்: சூழலைக் கெடுப்பதில் மனிதர் தனித்தவரா? (கேள்வி பதில்)

விலங்கியல் ஆசிரியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். "தன் இருப்பிடத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் ஒரே உயிர் மனிதன்தானா?" என்ற பொருளில் வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்): எல்லா உயிர்களும் தேவைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு இயற்கையோடு இசைந்து வாழ்கின்றன, மனிதன் மட்டும்தான் அளவில்லாமல் எடுக்கிறான் என்று மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். இது சரிதானா அம்மா?

பதில்: நானும் பல ஆண்டுகள் இதையே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னர் அதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படித் திருத்திக்கொள்ள வைத்தது அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலின் நடுவில் இருக்கும் செயின்ட் மேத்யூ தீவின் வரலாறு.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல் படை அந்தத் தீவில் ஒரு சிறு நிலையம் அமைத்தது. அங்கிருந்த வீரர்களுக்கு உணவு வந்து சேராமல் போனால் உதவட்டும் என்று 1944இல் 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இவற்றைப் பனிமான் என்றே இங்கு குறிப்பிடுகிறேன். போர் முடிந்ததும் வீரர்கள் கிளம்பிப் போனார்கள், மான்கள் தங்கிவிட்டன. தீவில் ஓநாய் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. நிலமெங்கும் லைக்கன் மெத்தைபோல் அடர்ந்து கிடந்தது. நம் வீட்டுச் சமையலில் சேர்க்கும் கல்பாசியும் லைக்கன் வகைதான். பனிக்காலத்தில் பனியைக் குளம்பால் கிளறி இதைத் தின்றுதான் பனிமான்கள் உயிர் பிழைக்கும். ஆனால் லைக்கன் மிக மெதுவாக வளர்வது. ஒரு பருவத்தில் மேய்ந்து தீர்த்ததை அடுத்த பருவத்தில் திரும்பப் பெற முடியாது.

டேவிட் க்ளைன் என்ற உயிரியலாளர் 1957இல் அங்கே சென்றபோது 1,350 மான்கள் கொழுத்த உடலோடு இருந்தன. 1963இல் அவர் மறுபடியும் போனபோது எண்ணிக்கை ஏறக்குறைய 6,000 ஆகியிருந்தது. ஆனால் மான்களின் உடல் எடை குறைந்திருந்தது, குட்டிகளின் விகிதமும் குறைந்திருந்தது, லைக்கன் மெத்தை பல இடங்களில் தரையோடு தரையாகத் தேய்ந்திருந்தது. அதன் பின் வந்த 1963-64 பனிக்காலம் மிகக் கடுமையானது. 1966இல் க்ளைன் மூன்றாம் முறை சென்று பார்த்தபோது தீவெங்கும் எலும்புக்கூடுகள் கிடந்தன. உயிரோடிருந்தவை 42 மட்டுமே. அவற்றில் 41 பெண் மான்கள். எஞ்சிய ஒரே ஆணின் கொம்புகளும் இயல்பாக இல்லை. அந்தக் கூட்டம் மீளவேயில்லை, பின்னர் முற்றிலும் அழிந்துபோனது.

அந்த மான்களில் ஒன்றுகூட தேவைக்கு மேல் எடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்கு வேண்டியதைத்தான் தின்றது. இருந்தும் எல்லாமாகச் சேர்ந்து தம் நிலத்தை அழித்துவிட்டன. அதனால் "தேவைக்கு மட்டும் எடுத்தால் கேடு வராது" என்ற வாக்கியத்தை மாணவர்களிடம் சொல்வதற்குமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி (கூடலூர்): அந்த மான்களைக் கொண்டுபோய் விட்டவர்களும் மனிதர்கள்தானே? மனிதர் தலையிடாத இடத்தில் இப்படி நடந்ததுண்டா?

பதில்: நியாயமான மறுப்பு. மனிதரின் நிழலே படாத உதாரணம் கிடைப்பது இன்று அரிது. இருந்தாலும் கென்யாவின் சாவோ பூங்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 1950களிலும் 60களிலும் அங்கே யானைகள் பெருகி, பரந்து கிடந்த முட்புதர்க் காட்டை முறித்தும் பட்டையுரித்தும் வேரோடு சாய்த்தும் புல்வெளியாக மாற்றின. யானைகளில் ஒரு பகுதியைச் சுட்டுக் குறைக்காவிட்டால் காடும் போகும், யானையும் போகும் என்றார் ரிச்சர்ட் லாஸ் என்ற ஆய்வாளர். இயற்கை தானே சரிசெய்துகொள்ளும், விட்டுவிடுங்கள் என்றார் பூங்காவின் காப்பாளர் டேவிட் ஷெல்ட்ரிக். சுடவில்லை. 1970-71இல் வந்த வறட்சியில் ஆயிரக்கணக்கான யானைகள் செத்தன. தண்ணீரை விட்டுத் தொலைவு போக முடியாத தாய் யானைகளும் கன்றுகளுமே மிகுதியாக மடிந்தன.

அங்கேயும் மனிதர் பங்கு இருந்தது. பூங்காவுக்கு வெளியே குடியிருப்புகள் பெருகியதால் யானைகளுக்கு வழக்கமான போக்கிடம் குறைந்து, உள்ளே நெருக்கம் கூடியது. பரந்த நிலத்தில் நடந்துகொண்டே இருக்கும் யானைக்கூட்டம் ஓரிடத்தில் முறித்த மரங்கள் அது திரும்பி வருவதற்குள் துளிர்த்துவிடும். வழித்தடத்தை அடைத்துவிட்டால் அதே பழக்கம் அழிவாகிவிடும். நீங்கள் கூடலூரிலிருந்து எழுதுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: யானை காட்டை அழிக்கிறது என்று யாராவது சாவோவைக் காட்டி வாதிட்டால், அந்த யானைகள் போக இடமில்லாமல் நின்றவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): ஊன் உண்ணும் விலங்குகளாவது பசிக்கு மட்டும்தானே கொல்கின்றன?

பதில்: இல்லை. அடைத்த ஆட்டுப்பட்டிக்குள் புகுந்த சிறுத்தை ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிட்டு, ஒன்றையே தின்றோ எதையும் தின்னாமலோ போவதை மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆடு வளர்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். கோழிக்கூண்டில் நுழைந்த நரியும் அப்படித்தான். திறந்த வெளியில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை ஓடிவிடும். பட்டிக்குள் அவற்றுக்கு ஓட வழியில்லை. விலங்குக்குள் "போதும்" என்று சொல்லும் ஒழுக்கம் எதுவும் இல்லை. இரை தப்பி ஓடுவதுதான் அதன் அளவை முடிவு செய்கிறது.

கேள்வி (சென்னை, கொழும்பு, சேலம் வாசகர்கள்): அப்படியானால் உலகம் ஏன் எப்போதோ மொட்டையாகிவிடவில்லை? விலங்குகளை எது தடுத்து வைத்திருக்கிறது?

பதில்: அவற்றைத் தடுப்பவை எல்லாம் அவற்றுக்கு வெளியே இருக்கின்றன. பசி, நோய், வறட்சி, வேட்டையாடும் இன்னொரு விலங்கு ஆகியவை அந்தத் தடைகள். அந்தத் தடையை விலக்கிப் பார்த்தால்தான் அதன் வலிமை தெரியும்.

வட பசிபிக் கரையோரங்களில் கெல்ப் எனும் பெருங்கடற்பாசி கடலடியிலிருந்து மரம்போல் உயர்ந்து வளர்ந்து, மீன்களுக்குக் காடாக நிற்கிறது. அதைத் தின்று தீர்ப்பது முள்பந்து போன்ற கடல் முள்ளெலி. கடல் முள்ளெலியைத் தின்பது கடல் நீர்நாய். 1741க்குப் பின் தோல் வணிகத்துக்காகக் கடல் நீர்நாய்களை வேட்டையாடி ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். 1911இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நாடுகள் உடன்படிக்கை செய்து வேட்டையை நிறுத்தியபோது சில இடங்களில் மட்டுமே அவை எஞ்சியிருந்தன. ஜேம்ஸ் எஸ்டிஸ் என்ற ஆய்வாளர் 1970களில் அலூஷியன் தீவுகளுக்குச் சென்று, நீர்நாய் மீண்டு வந்திருந்த தீவையும் வராத தீவையும் ஒப்பிட்டார். முதல் தீவைச் சுற்றிக் கெல்ப் காடு செழித்திருந்தது. இரண்டாவதில் கடலடி முழுவதும் முள்ளெலிகள் பரவியிருந்தன, பாசி அநேகமாக இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே இனத்து முள்ளெலிதான். முதல் தீவில் அது அடக்கமாக வாழக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. அதைத் தின்ன நீர்நாய் இருந்தது.

கேள்வி (திருச்சி): "கேடு" என்று எதைச் சொல்கிறீர்கள்? ஓர் உயிர் தன் சூழலை மாற்றுவதெல்லாம் கேடாகுமா?

பதில்: ஆகாது. இந்த வேறுபாட்டை விளக்கப் பீவரைவிட நல்ல விலங்கு இல்லை. வட அமெரிக்காவில் பீவர் எனும் கொறிவிலங்கு மரங்களைப் பல்லால் வீழ்த்தி ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டுகிறது. நிலம் நீரில் மூழ்குகிறது, மரங்கள் சாகின்றன. ஆனால் அந்தக் குளத்தில் தவளையும் மீனும் வாத்தும் பெருகுகின்றன. அங்குள்ள வில்லோ போன்ற மரங்கள் வெட்டிய அடியிலிருந்தே மறுபடி துளிர்க்கின்றன. பீவரும் அந்த மரங்களும் நீண்ட காலம் ஒன்றோடொன்று பழகியவை.

1946இல் ஆர்ஜென்டினா அரசு தோல் தொழிலுக்காகக் கனடாவிலிருந்து 20 பீவர்களைக் கொண்டுவந்து, தென் அமெரிக்காவின் தெற்கு முனையிலுள்ள டியரா டெல் ஃபுவேகோவில் விட்டது. அவை அதே மாதிரி மரம் வெட்டின, அதே மாதிரி அணை கட்டின. ஆனால் அங்குள்ள தெற்கத்திய பீச் மரங்களுக்கு வெட்டிய இடத்திலிருந்து துளிர்க்கும் வழக்கம் இல்லை. நீர் தேங்கினால் நின்றபடியே பட்டுப்போகும். இன்று அங்கே ஆற்றோரக் காடுகள் வெளுத்த கட்டைகளாக நிற்கின்றன. ஒரே விலங்கு செய்த ஒரே வேலை ஓரிடத்தில் வளமாகவும் இன்னோரிடத்தில் அழிவாகவும் முடிந்திருக்கிறது. மாற்றத்தைத் தாங்கிக்கொள்ள மற்ற உயிர்களுக்குக் காலம் கிடைத்ததா என்பதைத்தான் நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

கேள்வி (விழுப்புரம்): விலங்கும் கெடுக்கிறது, மனிதனும் கெடுக்கிறான் என்றால் வேறுபாடே இல்லை என்கிறீர்களா?

பதில்: பெரிய வேறுபாடு இருக்கிறது. அதை ஆசையில் தேடினால் கிடைக்காது, தடை செயல்படும் விதத்தில் தேட வேண்டும் என்பதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பனிமான் தன் தீவின் லைக்கனைத் தீர்த்துவிட்டால் அடுத்த தீவிலிருந்து வரவழைக்க முடியாது. நம்மால் முடியும். ஓரிடத்து மண் வலுவிழந்தால் வேறிடத்து உரத்தைக் கொண்டுவருகிறோம். ஓரிடத்துக் கடலில் மீன் தீர்ந்தால் இன்னும் தொலைவுக்குப் படகை விடுகிறோம். அதற்கும் மேலாக, கடந்த காலத்திலிருந்தே வரவழைக்கிறோம். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்கள் சேர்த்து வைத்த வெயில்தான். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் முறையைச் செய்து காட்டினார். 1913இல் அது ஜெர்மனியில் தொழிற்சாலை அளவுக்கு வந்தது. இன்றைய மனிதரில் ஏறக்குறைய பாதிப்பேர் உண்ணும் உணவு அந்த உரத்தை நம்பியிருக்கிறது. நம் வயலில் தூவும் யூரியாவின் பிறப்பும் அங்கேதான். இதனால் கோடிக்கணக்கானவர்களின் பசி தீர்ந்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மற்ற எல்லா விலங்குகளையும் நிறுத்திவைக்கும் பசி என்ற தடை நம்மளவில் தளர்ந்ததும் அப்போதுதான்.

அதன் விளைவை 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடைபோட்டுக் காட்டியது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் உடன் உழைத்தவர்களும் செய்த கணக்கு அது. உலகப் பாலூட்டிகள் அனைத்தையும் தராசில் வைத்தால் 60 சதவீதம் நம் கால்நடைகள், 36 சதவீதம் நாம், திமிங்கிலம் முதல் யானை, எலி வரை எல்லாக் காட்டுப் பாலூட்டிகளும் சேர்ந்து வெறும் 4 சதவீதம். எந்தக் காட்டுப் பாலூட்டியின் பெருக்கமும் இந்த அளவை எட்டியதில்லை.

இன்னொரு வேறுபாடு, நாம் செய்யும் கேடு நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் விழுகிறது. பாறு கழுகுகளின் கதை அப்படிப்பட்டது. 1990களில் இந்தியாவெங்கும் பாறுகள் கூட்டங்கூட்டமாக மறைந்தன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. ஏனென்று யாருக்கும் புரியவில்லை. மாட்டுக்கு வலி தீர்க்கப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் காரணம் என்பது 2004இல் வெளியான ஆய்வில் தெளிவானது. அந்த மருந்து உடலில் இருக்கும்போது மாடு இறந்துவிட்டால், அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். தன் மாடு வலியில் துடிப்பதைப் பொறுக்காமல் ஊசி போட வைத்தவர் கொடியவரா? இல்லவே இல்லை. அவருடைய இரக்கம் ஒரு பறவையினத்தை அழிவின் விளிம்பில் நிறுத்தும் என்பதை அவர் அறிந்துகொள்ள எந்த வழியும் இருக்கவில்லை. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா இம்மருந்தைத் தடை செய்தது. இன்று தமிழ்நாட்டில் பாறுகள் கூடுகட்டி வாழ்வது நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில்தான்.

கேள்வி (பெங்களூர்): மனிதத் தொகை மிகுந்துவிட்டதே காரணம் என்கிறார்கள். உங்கள் பனிமான் கதையும் அதைத்தானே சொல்கிறது?

பதில்: ஓரிடத்தில் அந்த ஒப்பீடு உடைந்துவிடுகிறது. 6,000 பனிமான்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தின்றன, ஏனெனில் வயிற்றுக்கு எல்லை உண்டு. மனிதரின் நுகர்வுக்கு உடல் எல்லையாக இருப்பதில்லை. ஆண்டுக்குச் சராசரி இந்தியர் ஒருவர் வெளியிடும் கரியமில வாயு ஏறக்குறைய 2 டன், அமெரிக்கர் ஒருவருடையது ஏறக்குறைய 14 டன். இந்தியாவுக்குள்ளும் குளிர்சாதன வசதியோடு பறப்பவரும் ஆடு மேய்ப்பவரும் ஒரே தலைக்கணக்கில் சேர்கிறார்கள். ஆகவே தலைகளை மட்டும் எண்ணுவது ஏழைகள்மேல் பழியைப் போடுவதாகவே முடியும், அதை நான் ஏற்கவில்லை.

வேறொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 1.8 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பஞ்சத்தால் வந்த குறைவல்ல இது. பெண்கள் படித்ததும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் முக்கியக் காரணங்கள். உணவு கூடும்போது பிறப்பைக் குறைத்துக்கொண்ட பனிமான் கூட்டம் கிடையாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): தொழிற்புரட்சிக்கு முந்திய மக்கள் இயற்கையை அழிக்காமல்தானே வாழ்ந்தார்கள்?

பதில்: அதுவும் முழுக்க உண்மையில்லை. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த பொலினீசிய மக்கள் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் நியூசிலாந்தில் குடியேறிய பின், ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்குள் மோவா எனும் பறக்காத பெரும்பறவைகள் அனைத்தும் வேட்டையில் ஒழிந்தன. கல்லும் எலும்பும் மரமும்தான் அவர்கள் கையிலிருந்த கருவிகள். நம் பாக்குநீரிணையில் வாழும் ஆவுளியாவின் உறவான ஸ்டெல்லர் கடற்பசுவை ஐரோப்பிய மாலுமிகள் 1741இல் கண்டார்கள். 1768க்குள், வெறும் 27 ஆண்டுகளில், அந்த இனமே இல்லாமல் போனது.

ஆனால் மோவாவை இழந்த அந்தக் குடியேறிகளின் வழிவந்த மாவோரி மக்களிடம் ராஹுயி என்ற மரபும் உண்டு. ஒரு கடற்பகுதியையோ காட்டையோ குறிப்பிட்ட காலத்துக்கு யாரும் தொடக்கூடாது என்று சமூகமே தடைவிதிக்கும் முறை அது. நம் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்று ஊரே பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பண்டிகைநாளில் ஏங்கும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது எளிதல்ல என்பது பெற்றோருக்குத் தெரியும். கால இயந்திரம் ஏறிப் பழமைக்குத் திரும்ப வேண்டியதில்லை. இப்படித் தமக்குத் தாமே வேலி போட்டுக்கொண்டவர்களைத்தான் நாம் படிக்க வேண்டும்.

கேள்வி (கோவை): ஆக்சிஜனை வெளியிட்டு உலகையே மாற்றியவை நுண்ணுயிர்கள் என்று படித்தேன். அது இயற்கை என்றால் நாம் செய்வதும் இயற்கைதானே? பின் ஏன் குற்ற உணர்வு?

பதில்: உண்மைதான். ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் சயனோபாக்டீரியாக்கள் வெளியிட்ட ஆக்சிஜன், அன்றைய உயிர்களில் பலவற்றுக்கு நஞ்சாக இருந்தது. ஆனால் காற்று அப்படி மாறி நிலைபெறக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயுவை நாம் 300 ஆண்டுகளுக்குள் 420க்கு மேல் ஏற்றிவிட்டோம். பீவர் பதிலில் சொன்ன காலம் என்ற அளவுகோலை இங்கேயும் பொருத்திப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, நுண்ணுயிர் தான் செய்வதை அறியாது என்பது. குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃப்ளூரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்போது ஓட்டை எதையும் யாரும் பார்த்திருக்கவில்லை. 1985இல் அண்டார்டிகாவுக்கு மேல் அது கண்டறியப்பட்டது. 1987இல் மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது, பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதை ஏற்றன. ஓசோன் படலம் அண்டார்டிகாவுக்கு மேல்கூட 1980இல் இருந்த நிலைக்கு 2066 வாக்கில் திரும்பும் என்று ஐ.நா. மதிப்பீடு கூறுகிறது. வரப்போகும் கேட்டை முன்கூட்டியே கணக்கிட்டு, அது வயிற்றைத் தொடுவதற்குமுன் கையை இழுத்துக்கொள்ள வேறெந்த விலங்காலும் முடிந்ததில்லை. அந்த ஆற்றல் இல்லாத பனிமானை நாம் குறை சொல்வதில்லை. அந்த ஆற்றல் இருந்தும் செய்யாதவரைக் குறை சொல்கிறோம். குற்ற உணர்வு என்று நீங்கள் சொல்வதை நான் பொறுப்பு என்றே எழுத விரும்புகிறேன்.

கேள்வி (பள்ளி மாணவி, தஞ்சாவூர்): எங்கள் ஆசிரியை உங்கள் பதிலை வகுப்பில் வாசித்தார். அந்தத் தீவு இப்போது எப்படி இருக்கிறது?

பதில்: கேட்டதற்கு மகிழ்ச்சி, கண்ணே. அங்கே இப்போது பனிமானும் இல்லை, மனிதரும் குடியிருக்கவில்லை. நரிகளும் எலிவகைகளும் கடற்பறவைகளும் இருக்கின்றன. பக்கத்திலேயே ஹால் தீவு என்று ஒரு சிறு தீவு உண்டு, அங்கே மான்களை யாரும் விடவில்லை. அதனால் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. மான்கள் மடிந்து 40 ஆண்டுகள் கடந்த பிறகும், ஹால் தீவில் இருப்பதில் ஒரு சிறு பங்கு லைக்கன்தான் செயின்ட் மேத்யூவில் மீண்டும் வளர்ந்திருந்தது. அது ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்பதை முதுமையிலும் அந்தத் தீவை மறக்காத க்ளைன், இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து 2009இல் எழுதினார். மேய்ந்த மான்கள் போய்விட்டன, ஆனால் காற்று வெப்பமாகிவிட்டது. லைக்கன் திரும்ப வளர்வதை அந்த வெப்பம் தாமதப்படுத்துகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.